ஆட்டுக்குட்டி இல்லாத பந்தி: திருவிருந்தின் யூத வேர்கள்

வழக்கமான விளக்கம்

குருவானவர் அப்பத்தைப் பிட்டு, கிண்ணத்தை உயர்த்தி, இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட இரவின் நிகழ்வைச் சொல்லும்போது கேட்பவர் மனத்தில் ஒரு சித்திரம் எழுகிறது. அது பாஸ்கா இரவு. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டதன் நினைவாக யூதர் உண்ணும் விருந்தை இயேசு தம் சீடரோடு உண்டார். அவ்விருந்தின் அப்பத்துக்கும் திராட்சரசத்துக்கும் புதுப்பொருள் தந்தார். அன்றுமுதல் திருச்சபை அதையே தொடர்ந்து செய்துவருகிறது. கத்தோலிக்கர் நற்கருணை என்றும், சீர்திருத்த சபையார் திருவிருந்து அல்லது இராப்போஜனம் என்றும் அழைக்கும் சடங்கின் பிறப்புக் கதையாக மறைக்கல்வி வகுப்பு முதல் பெரிய வியாழன் பிரசங்கம் வரை சொல்லப்படுவது இதுதான். சில நாடுகளின் சபைகள் ஒரு படி மேலே போய், இன்றைய யூதர் வீட்டில் நடக்கும் 'செதர்' எனும் பாஸ்கா இரவு விருந்தை நான்கு கிண்ணம், கசப்புக் கீரை சகிதம் நடத்திக்காட்டி, இயேசு உண்டது இப்படித்தான் என்று விளக்கமும் கொடுக்கின்றன.

இந்தச் சித்திரத்தை முழுக்கத் தள்ளிவிட முடியாது. ஆனால் இயேசு உண்டது பாஸ்கா விருந்துதானா, அவர் காலத்தில் செதர் என்று ஒன்று இருந்ததா, ஆண்டுக்கு ஒருமுறை வரும் விருந்து எப்படி வாரந்தோறும் நடக்கும் வழிபாடாயிற்று என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தால் அது தளர்ந்துபோகிறது. திருவிருந்துக்கு யூத வேர்கள் உண்டு என்பதில் இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஐயப்படுவதில்லை. அந்த வேர்கள் எவை, எவ்வளவு ஆழம் என்பதில்தான் வழக்கு. செதர் விருந்தை அதன் தாய்வேராகக் கொள்வது பிழை என்பது என் கருத்து. செதரும் திருவிருந்தும் பலியிட்ட ஆடு இல்லாமல் விடுதலையை எப்படிக் கொண்டாடுவது என்ற ஒரே நெருக்கடிக்கு இரு சமூகங்கள் கண்ட விடைகள். அவ்விடைகளில் கிறிஸ்தவம் தன்னுடையதை எங்கே காப்பாற்றிக்கொண்டது, எங்கே கோட்டைவிட்டது என்பதைக் கட்டுரையின் இறுதிப் பகுதியில் பார்க்கலாம்.

எந்த இரவு?

திருவிருந்து பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்று நற்செய்தி நூல்களில் இல்லை. கி.பி. 50களின் நடுவில் பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது (1 கொரிந்தியர் 11:23–26). மாற்கு நற்செய்திக்கு அது ஏறத்தாழ பதினைந்து ஆண்டு மூத்தது. அங்கே பவுல் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவு என்கிறாரே தவிர, பாஸ்கா இரவு என்று சொல்லவில்லை. இத்தனைக்கும் அதே கடிதத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் கிறிஸ்துவைப் பலியிடப்பட்ட பாஸ்கா ஆடு என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த உருவகம் கையில் இருந்தும் அதை விருந்தோடு அவர் சேர்க்கவில்லை.

நற்செய்தியாளர் நால்வரும் இயேசு இறந்தது வெள்ளிக்கிழமை என்பதில் ஒத்துப்போகிறார்கள். அந்த வெள்ளி, யூத நாட்காட்டியில் எந்தத் தேதி என்பதில் பிரிகிறார்கள். நிசான் மாதம் 14ஆம் நாள் பிற்பகல் ஆலயத்தில் ஆடுகள் வெட்டப்படும். பொழுது சாய்ந்ததும் யூதக் கணக்கில் 15ஆம் நாள் பிறந்துவிடும். அவ்விரவில் ஆட்டை உண்பார்கள். மாற்கும், அவரை ஒட்டி மத்தேயுவும் லூக்காவும், இயேசு அந்த விருந்தை உண்டபின் கைதானார் என்கிறார்கள். யோவானோ ஒரு நாள் முன்னே போகிறார். பிலாத்துவின் மாளிகைக்குள் நுழைந்தால் தீட்டுப்பட்டுப் பாஸ்கா உண்ண முடியாமல் போகும் என்று குற்றஞ்சாட்டியவர்கள் வெளியே நிற்கிறார்கள் (18:28). இயேசு சிலுவையில் உயிர்விடுவது ஆயத்த நாளில், ஆடுகள் வெட்டப்படும் அதே நாளில். அவருடைய எலும்பு முறிக்கப்படவில்லை என்று யோவான் குறித்து வைப்பதும் பாஸ்கா ஆட்டின் விதியை மனத்தில் வைத்துத்தான்.

இந்த முரணைத் தீர்க்க நடந்த முயற்சிகளுக்குத் தனி நூலகமே வேண்டும். ஜெர்மானிய அறிஞர் யோவாகிம் எரேமியாஸ் 1935இல் முதலில் வெளியிட்டுப் பின்னர் விரிவாக்கிய ஆய்வு முதல் மூவரின் பக்கம் நின்றது. எருசலேமுக்குள்ளேயே உண்டது, இரவில் உண்டது, சாய்ந்தமர்ந்து உண்டது, திராட்சரசம் குடித்தது, முடிவில் பாடல் பாடியது எனப் பதினான்கு பொருத்தங்களை அவர் அடுக்கினார். பிரெஞ்சு அறிஞர் ஆனி ஜோபேர் 1957இல் வேறு வழி கண்டார்: கும்ரான் எனும் யூதக் குழுவினர் பின்பற்றிய 364 நாள் சூரிய நாட்காட்டியின்படி இயேசு செவ்வாய் இரவே பாஸ்கா உண்டிருக்கலாம் என்றார். கெட்டிக்காரத்தனமான தீர்வு. ஆனால் இயேசு அந்த நாட்காட்டியைப் பின்பற்றினார் என்பதற்கு நற்செய்திகளில் ஒரு தடயமும் இல்லை.

எரேமியாஸின் பட்டியலுக்குத் தெளிவான மறுப்பை யூத அறிஞர் ஜோனதன் கிளவான்ஸ் 2001இல் எழுதினார். அந்தப் பொருத்தங்களில் பெரும்பாலானவை எந்த முறையான யூத விருந்துக்கும் பொருந்தும் என்பது அவர் வாதம். கிரேக்க–ரோம உலகில் விருந்து என்றாலே சாய்ந்தமர்வதும் இரசமும் பாட்டும் உண்டு. பாஸ்காவுக்கே உரிய ஆட்டிறைச்சியும் கசப்புக் கீரையும் உண்ணப்பட்டதாக நான்கு நற்செய்திகளிலும் இல்லை. லூக்காவில் மட்டும், இந்தப் பாஸ்காவை உண்ண மிக ஆவலாயிருந்ததாக இயேசு சொல்கிறார். இறைச்சி உண்ட காட்சி அங்கும் இல்லை. தேதியைப் பொறுத்தவரை யோவானின் கணக்கே எனக்கு நம்பத் தகுந்ததாகத் தெரிகிறது. பெருவிழா நாளன்றே விசாரணையும் தண்டனையும் நடத்தி முடிப்பது யூதத் தலைவர்களுக்கு எளிதல்ல. அதே சமயம், யோவானுக்கும் இறையியல் நோக்கம் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. எப்படியானாலும் பாஸ்காக் காலத்தில், பாஸ்காவின் காற்று வீசிய நகரத்தில் நடந்த உணவு அது. எந்த நாள் என்று உறுதிப்படுத்த முடியாவிட்டாலும் அந்தச் சூழல் அதன் பொருளுக்குள் புகுந்துவிட்டது.

ஆலயத்து ஆடும் வீட்டு விருந்தும்

ஆலயம் இருந்த காலத்துப் பாஸ்காவைக் கண்முன் கொண்டுவருவது அவசியம். இன்றைய செதரின் சாந்தமான குடும்பக் காட்சி அதை மறைத்துவிடுகிறது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் 'பெசாஹிம்' பகுதி அதை விவரிக்கிறது. மக்கள் மூன்று அணிகளாக ஆலய முற்றத்துக்குள் விடப்படுவார்கள். முதல் அணி நிறைந்ததும் கதவுகள் அடைக்கப்படும், எக்காளம் ஊதும். ஆட்டைக் கொண்டுவந்தவரே வெட்டுவார். இரத்தத்தை குரு கிண்ணத்தில் ஏந்துவார். பொன் கிண்ணம் ஏந்திய குருக்கள் ஒரு வரிசை, வெள்ளிக் கிண்ணம் ஏந்தியோர் ஒரு வரிசை. கிண்ணங்களுக்கு அடித்தட்டு கிடையாது. கீழே வைத்தால் இரத்தம் உறைந்துவிடும் என்பதால் வைக்கவே முடியாதபடி செய்திருந்தார்கள். கைமாறிக் கைமாறிப் பீடத்தருகே நிற்பவரிடம் கிண்ணம் போகும். அவர் பீடத்தின் அடியில் இரத்தத்தை வீசுவார். அதற்கிடையே லேவியர் ஹல்லேல் சங்கீதங்களைப் பாடுவார்கள். தோலுரிக்கக் கொக்கி கிடைக்காதவர்கள் இருவராக நின்று தோளுக்குத் தோள் கம்பு வைத்து அதில் ஆட்டைத் தொங்கவிட்டு உரிப்பார்கள். பின்னர் மாதுளைக் கம்பில் கோத்துச் சுடுவார்கள்.

ஒரு பாஸ்காவின்போது 2,55,600 ஆடுகள் பலியிடப்பட்டதாக வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதுகிறார். எண்ணிக்கை மிகையானது என்று ஆய்வாளர் கருதுகிறார்கள். ஆனால் அவர் போகிற போக்கில் சொல்லும் இன்னொரு செய்தி முக்கியமானது: ஓர் ஆட்டுக்குப் பத்துப் பேருக்குக் குறையாத ஒரு குழு கூட வேண்டும். ஆடு தனிமனிதருக்குரியது அன்று; ஒரு பந்திக்குரியது.

கி.பி. 70இல் ரோமப் படை ஆலயத்தை எரித்தபோது இதெல்லாம் ஒரே கோடையில் முடிந்துபோயிற்று. செதர் அந்த இழப்புக்குப் பின் உருவானது என்பதை பாரூக் போக்ஸர் 1984இல் வெளியிட்ட நூல் விரிவாகக் காட்டியது. அதற்கு முன்னும் பாஸ்கா இரவில் இரசம் இருந்தது, இறைப்புகழ்ச்சி இருந்தது, கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் 'யூபிலி' நூலே இரண்டையும் குறிப்பிடுகிறது. வரிசைப்படுத்தப்பட்ட நான்கு கிண்ணம், பிள்ளையின் கேள்விகள், விடுதலைக் கதையை விரித்துரைத்தல் என்ற சட்டகம் மட்டும் பிறகு வந்தது. மிஷ்னாவில் பிள்ளை கேட்கும் கேள்விகளில் ஒன்று, இன்றிரவு மட்டும் ஏன் சுட்ட இறைச்சியே உண்கிறோம் என்பது. செதரில் வாசிக்கப்படும் நூலான இன்றைய ஹக்கதாவில் அந்தக் கேள்வி இல்லை. அந்த இடத்தில் சாய்ந்தமர்வது பற்றிய கேள்வி இருக்கிறது. சுட்ட ஆடு தட்டிலிருந்து போன பிறகு கேள்வியும் போய்விட்டது. ஆடு இருந்த இடத்தில் சொல் வந்து அமர்ந்தது. ரபி கமாலியேல் வகுத்த விதியும் இதைத்தான் காட்டுகிறது: ஆடு, புளிப்பில்லா அப்பம், கசப்புக் கீரை ஆகிய மூன்றின் பொருளை எடுத்துச் சொல்லாதவர் கடமையை முடித்தவர் ஆகார்.

இஸ்ரயேல் யுவால் என்ற எருசலேம் வரலாற்றாசிரியர் இன்னும் துணிந்து, கமாலியேலின் இந்த விதியே கிறிஸ்தவர்கள் ஆட்டுக்கும் அப்பத்துக்கும் கொடுத்த விளக்கத்துக்கு மறுமொழி என்கிறார். அவர் கணக்கில் செதர் மூத்ததும் இல்லை, திருவிருந்து அதன் பிள்ளையும் இல்லை. இரண்டும் ஒன்றையொன்று ஓரக்கண்ணால் பார்த்தபடி வளர்ந்தவை. ஒவ்வொரு பொருத்தத்தையும் மறுமொழியாக வாசிக்கும் அவருடைய ஆர்வம் சில இடங்களில் சான்றை மீறுகிறது. என்றாலும் தாய்–மகள் என்ற பழைய உறவுமுறையை அவர் அசைத்தது நியாயமே.

ஒரு நெருடல் இருக்கிறது. ஆலயம் விழுந்தது 70இல். பவுலின் கடிதமோ 50களில். அப்படியானால் ஆலய இழப்பு எப்படித் திருவிருந்தை விளக்கும்? விடை, புலம்பெயர்ந்த யூதரிடம் இருக்கிறது. பாஸ்கா ஆட்டை எருசலேமில் மட்டுமே பலியிடலாம் என்பது இணைச்சட்ட நூலின் விதி. ஆகவே கொரிந்திலும் ரோமிலும் வாழ்ந்த யூதர், ஆலயம் நின்ற நாளிலேயே ஆடில்லாமல்தான் பாஸ்காவைக் கொண்டாட வேண்டியிருந்தது. ரோமாபுரியில் தோதோஸ் என்ற செல்வாக்குள்ள யூதர் பாஸ்கா இரவில் முழு ஆட்டுக்குட்டியைச் சுட்டு உண்ணும் வழக்கத்தை ஏற்படுத்தியதாகவும், இன்னொருவராக இருந்திருந்தால் சமூக விலக்கு விதித்திருப்போம் என்று அறிஞர்கள் அவருக்குச் சொல்லியனுப்பியதாகவும் ரபிகளின் மரபில் ஒரு செய்தி உண்டு. ஆட்டுக்கான ஏக்கம் எவ்வளவு இருந்தது, அதற்கு எவ்வளவு கறாரான தடை இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. பவுலின் சபைகள் முளைத்தது இந்த மண்ணில்.

நன்றியுரையின் வடிவம்

பாஸ்கா ஆண்டுக்கு ஒருமுறை. திருவிருந்தோ வாரந்தோறும்; திருத்தூதர் பணிகள் நூலின் தொடக்கம் நாள்தோறும் என்கிறது. இந்த ஒரு காரணமே வேறொரு வேரைத் தேட வைக்கிறது.

1873இல் கான்ஸ்டாண்டிநோபிளின் ஒரு நூலகத்தில் பிலோதியோஸ் பிரையென்னியோஸ் என்ற ஆயர் 1056இல் படியெடுக்கப்பட்ட ஒரு சுவடியைக் கண்டார். பன்னிரு திருத்தூதரின் போதனை எனப் பெயர்பெற்ற 'திதாக்கே' அதில் முழுமையாக இருந்தது; 1883இல் அச்சேறியது. முதல் நூற்றாண்டின் முடிவையோ இரண்டாவதன் தொடக்கத்தையோ சேர்ந்த நூல். அதன் 9, 10ஆம் அதிகாரங்களில் உணவுக்கான மன்றாட்டுகள் உள்ளன. படித்தவர்கள் திகைத்தார்கள். முதலில் கிண்ணம், பிறகு அப்பம். இறுதி இராவுணவு பற்றி ஒரு சொல் இல்லை. உடல், இரத்தம் என்ற பேச்சே இல்லை. சிலுவை மரணமும் இல்லை. தாவீதின் திராட்சைக் கொடிக்காக நன்றி; மலைகள்மேல் சிதறிக்கிடந்த தானியம் சேர்ந்து ஒரே அப்பம் ஆனதுபோல் சபையும் உலகின் எல்லைகளிலிருந்து கூட்டிச் சேர்க்கப்பட வேண்டும் என்ற வேண்டுதல்.

யூதர் உணவுக்குப் பின் சொல்லும் 'பிர்கத் ஹமசோன்' எனும் நன்றியுரையோடு இதை 1929இல் லூயி ஃபிங்கெல்ஸ்டைன் ஒப்பிட்டார். யூத உரையின் பழைய பகுதி மூன்று: எல்லாருக்கும் உணவளிப்பவருக்குப் புகழ்ச்சி, தந்த நாட்டுக்காக நன்றி, எருசலேமுக்காக வேண்டுதல். திதாக்கேயின் பத்தாம் அதிகாரமும் மூன்று படியில் நகர்கிறது. நாடு இருந்த இடத்தில் அறிவும் நம்பிக்கையும் அழியா வாழ்வும். எருசலேம் இருந்த இடத்தில் சபை. பலகை அதே பலகை. எழுத்தை மட்டும் அழித்து எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றும்.

ஆனால் இங்கும் அவசரம் ஆகாது. யூத உரையின் முழு வாசகம் நமக்கு எழுத்தில் கிடைப்பது ஒன்பதாம் நூற்றாண்டின் அம்ராம் காவோன் தொகுத்த மன்றாட்டு நூலிலிருந்துதான். முதல் நூற்றாண்டில் அதன் சொற்கள் உறுதிப்பட்டிருக்கவில்லை என்பதைப் பால் பிராட்ஷா தம் நூல்களில் வலியுறுத்திவருகிறார். ஒரே மூல வாசகத்திலிருந்து இரண்டும் பிறந்தன என்று காட்டும் முயற்சியை அவர் ஏற்பதில்லை. அவர் எச்சரிக்கை சரியானது. எனினும் அமைப்பு பழமையானது என்பதற்கு யூபிலி நூல் கை கொடுக்கிறது. அங்கே ஆபிரகாம் உண்டு முடித்ததும் படைத்தவரைப் போற்றி, தன் நீண்ட வாழ்வுக்கு நன்றி சொல்லி, சந்ததிக்காக வேண்டுகிறார். சொற்கள் மாறலாம்; புகழ்ச்சி, நன்றி, வேண்டுதல் என்ற நடை கிறிஸ்தவத்துக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டு முந்தியது.

கிண்ணம் முந்தும் வரிசை திதாக்கேயின் விநோதம் மட்டுமில்லை. பவுலே ஓரிடத்தில் (1 கொரிந்தியர் 10:16) கிண்ணத்தை முதலில் சொல்கிறார். பெசா எனும் பழைய நற்செய்திச் சுவடியில் லூக்காவின் வாசகம் குறுகி, கிண்ணத்துக்குப் பின் அப்பம் என்ற வரிசையிலேயே நின்றுவிடுகிறது. ஒரே இரவின் ஒரே சொற்களிலிருந்து ஒரே சடங்கு பரவியது என்ற எண்ணத்தை இச்சான்றுகள் கைவிடச் செய்கின்றன. தொடக்கத்தில் பல பந்திகள் இருந்தன. ஹார்ட்முட் கெஸே 1977இல் முன்வைத்த, லேவியர் நூல் கூறும் நன்றிப்பலியே வேர் என்ற கருத்தும் இந்தப் பன்மைக்குள் ஒன்றாகக் கவனத்துக்குரியது. சாவிலிருந்து மீட்கப்பட்டவர் நண்பரை அழைத்து அப்பத்தோடு உண்ணும் பலி அது. அழகான கருத்து, நேரடிச் சான்றுதான் குறைவு.

இந்தப் பன்மையின் உயிருள்ள சாட்சி கிழக்குச் சிரிய மரபில் இருக்கிறது. அத்தாய், மாரி என்போர் பெயரில் வழங்கும் நற்கருணை மன்றாட்டு, பயன்பாட்டில் உள்ள மிகப் பழையவற்றுள் ஒன்று. அதன் பழைய வடிவத்தில் 'இது என் உடல்' என்னும் பொருளிலான நிறுவுதல் சொற்கள் இல்லவே இல்லை. அச்சொற்களாலேயே அப்பம் கிறிஸ்துவின் உடலாகிறது என்று கற்பித்துவந்த ரோம், 2001இல் அம்மன்றாட்டு செல்லுபடியாகும் என்று ஏற்றது. இறையியல் உலகில் அது சிறிய நில நடுக்கம். கேரளத்து மார்த்தோமா கிறிஸ்தவர் இந்த மரபின் வழிவந்தவர்கள். அவர்கள் வீடுகளில் பெரிய வியாழன் இரவு, அரிசிமாவும் உளுந்தும் கலந்து புளிக்கவிடாமல் அவித்த 'பெசஹா அப்பம்' குருத்தோலைச் சிலுவையோடு வைக்கப்படுகிறது. குடும்பத் தலைவர் மன்றாடி அப்பத்தை வெட்டி, தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்த பாலோடு வயது வரிசைப்படி கொடுக்கிறார். இதைக் கொச்சி யூதரோடு இணைத்துப் பெருமையாகப் பேசுவோர் உண்டு. வரலாற்றுச் சான்று அவ்வளவு தூரம் போவதில்லை. பாஸ்கா வீட்டுச் சடங்கு என்ற உணர்வு கோயிலுக்கு வெளியே பிழைத்திருக்கிறது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இரத்தம் என்னும் இடறல்

எல்லா யூத வேர்களையும் காட்டிய பிறகும் ஒரு சொல் யூதக் காதில் ஏறாது. இரத்தத்தைக் குடி. நோவா காலத்துக் கட்டளையிலேயே இரத்தம் தடை. லேவியர் 17ஆம் அதிகாரம், இரத்தம் உண்பவரை மக்களிடமிருந்து வேரறுப்பேன் என்று கடவுள் கூறுவதாகப் பேசுகிறது. யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரம் இந்தத் தடுமாற்றத்தை மறைக்காமல் பதிவுசெய்கிறது: கேட்டவர்கள் வாதாடுகிறார்கள், சீடர் பலர் விலகிப்போகிறார்கள்.

யூதரான ஒருவர் இப்படிச் சொல்லியிருக்கவே முடியாது என்பதை அடித்தளமாக்கி, ஹயம் மக்கோபி திருவிருந்தையே பவுலின் கண்டுபிடிப்பு என்றார். கிரேக்க மறைச்சமயங்களிலிருந்து அவர் எடுத்தது என்பது முடிவு. இதை ஏற்கத் தடையாக இருப்பது பவுலின் வாசகமே. அவர் தரும் வடிவில் கிண்ணம் இரத்தம் ஆகவில்லை. இரத்தத்தால் நிலைபெறும் புதிய உடன்படிக்கையாகச் சுட்டப்படுகிறது. அதற்குப் பின்னால் இருப்பது சீனாய் மலையடிவாரம். மோசே பலியின் இரத்தத்தில் பாதியைப் பீடத்திலும் பாதியை மக்கள் மீதும் தெளிக்கிறார். பின்னர் மூப்பர்கள் மலையேறி, கடவுளைக் கண்டு, உண்டு குடிக்கிறார்கள் (விடுதலைப் பயணம் 24). எரேமியா கனவுகண்ட புதிய உடன்படிக்கையும் உடன் சேர்ந்துகொள்கிறது. மாற்கின் வடிவம்தான் கிண்ணத்தை நேராக இரத்தம் என்கிறது. பவுலின் வடிவமே மூத்தது என்று நான் கருதினாலும், இரண்டிலும் இரத்தம் உடன்படிக்கையோடு கட்டப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். புறவினத்து நம்பிக்கையாளர் இரத்தத்தைத் தவிர்க்க வேண்டும் என்று எருசலேம் தலைவர்கள் முடிவெடுத்ததாகத் திருத்தூதர் பணிகள் 15 சொல்கிறது. திருவிருந்துக் கிண்ணத்தைப் பருகிய இயக்கமே உணவில் இரத்தத்தைத் தடைசெய்தது. அவர்களுக்கு இவை முரணாகப் படவில்லை என்றால், கிண்ணத்தில் அவர்கள் கண்டது சதையின் இரத்தம் அன்று.

வெளியாட்களுக்கு இது புரியவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவர் குழந்தைகளைக் கொன்று தின்பவர்கள் என்று ரோம உலகம் வதந்தி பேசியது. அதை மறுத்தே ஒரு தலைமுறை எழுத்தாளர் களைத்தார்கள். ஆயிரம் ஆண்டு கழித்து அதே பழியைக் கிறிஸ்தவ ஐரோப்பா யூதர் தலையில் கட்டியது. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் தன் முதல் விதியில் அப்பம் உடலாகப் பொருள்மாறுகிறது என்று அறிவித்தது. 68ஆம் விதியில் யூதர் தனி அடையாள உடை அணிய வேண்டும் என்றது. 1298இல் ரோட்டிங்கன் ஊரில் யூதர் நற்கருணை அப்பத்தைச் சிதைத்தார்கள் என்று கிளம்பிய பழி, பிராங்கோனியா முழுதும் படுகொலையாகப் பரவியது. யூத வேரிலிருந்து வந்த அப்பத்தின் பெயரால் யூதர் கொல்லப்பட்டார்கள்.

யாரோடு உண்பது?

ஆட்டுக்குட்டி இல்லாத பந்தியில் அதன் இடத்தை நிரப்பியவை இரண்டு: சொல்லப்படும் கதை, கூடியிருக்கும் குழு. கதையைப் பற்றியே இறையியலார் மிகுதியாகப் பேசினார்கள். குழுவை மறந்தார்கள். யூத மரபு அதை மறக்கவில்லை. பாஸ்கா ஆட்டை, அதற்கெனப் பெயர் சேர்த்துக்கொண்டவர் மட்டுமே உண்ணலாம். ஒரே வீட்டில் இரு குழுக்கள் உண்ண நேர்ந்தால் ஒரு குழு ஒரு பக்கமும் மற்றது மறுபக்கமும் முகம் திருப்பி உண்ண வேண்டும், வெந்நீர்க் கொதிகலன் நடுவில் இருக்கும் என்று மிஷ்னா நுணுக்கமாக வகுக்கிறது. கும்ரானின் குழு விதியில் பத்துப் பேர் கூடினால் அப்பத்தின் மீதும் இரசத்தின் மீதும் முதலில் கைநீட்டுபவர் குரு. மெசியா இருந்தாலும் குருவுக்கு அடுத்துதான். எந்தக் குழு என்பதும், குழுவுக்குள் எந்த இடம் என்பதும் உணவின் பொருளாகவே இருந்தன.

பவுல் கொரிந்துக்கு எழுதியதும் இதைப் பற்றித்தான். நிறுவுதல் சொற்களை அவர் மேற்கோள் காட்டுவது சடங்கு கற்பிக்க இல்லை, சண்டையைத் தீர்க்க. ரோம வீட்டின் உணவறையில் மூன்று சாய்மஞ்சங்கள், வழக்கமாக ஒன்பது பேர். வசதி படைத்தவர்கள் அங்கே முன்னதாகவே உண்டு குடித்து மயங்குகிறார்கள். உழைத்து முடித்துத் தாமதமாக வரும் ஏழைகளும் அடிமைகளும் பசியோடு நிற்கிறார்கள். கெர்ட் தைசன் 1970களில் இதைச் சமூகவியல் நோக்கில் ஆராய்ந்தபின், அந்த அதிகாரத்தை வெறும் பக்திப் பகுதியாக வாசிப்பது கடினமாகிவிட்டது. பவுலின் தீர்ப்பு கடுமையானது: நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே இல்லை.

தமிழ்க் கிறிஸ்தவ வரலாறு இந்தத் தீர்ப்பின் முன் நிற்க வேண்டியிருக்கிறது. தஞ்சை, திருச்சி, வேப்பேரி சபைகளில் வெள்ளாளரும் பறையரும் தனித்தனியே அமர்ந்தார்கள். திருவிருந்திலும் முன்னவர் முதலில், பின்னவர் பிறகு. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் இந்தப் பிரிவினை உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, ஏராளமானோர் சபையைவிட்டே வெளியேறினார்கள். அதற்கு முன்னரே தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெருங்கவிஞர், சாதிப் பிரிவைக் கைவிடச் சொன்ன புதிய மிஷனரிமாரை எதிர்த்து எழுதியிருந்தார். கத்தோலிக்கரிடையே வடக்கன்குளம் இன்னும் வெளிப்படையான சான்று. 1872இல் அர்ச்சிக்கப்பட்ட அக்கோயிலில் வெள்ளாளருக்கு ஒன்று, நாடாருக்கு ஒன்று என இரு கூடங்கள் விரிந்து பிரிந்தன. கூடுமிடத்தில் ஒரே பீடம். இரு தரப்பாரும் பீடத்தைப் பார்க்கலாம். ஒருவரையொருவர் பார்க்க முடியாது. நடுவிலிருந்த சுவரை 1910இல் பங்குக்குரு கௌசானல் இடித்தபோது வழக்கு நீதிமன்றம் போனது. ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' நூலில் அந்த வரலாற்றை எழுதியிருக்கிறார்.

ஒரே கூரையின்கீழ் முகம் திருப்பி உண்ட இரு குழுக்களை மிஷ்னா அறியும். ஆனால் அங்கே இரண்டு ஆடுகள், இரண்டு பந்திகள். பெயர் சேர்த்துக்கொள்வதன்மூலம் எந்தக் குழு என்று முடிவாகும். வடக்கன்குளத்தில் ஒரே பீடம், ஒரே அப்பம். எந்தக் கூடம் என்பதைப் பிறப்பு முடிவுசெய்தது. 1872 முதல் 1910 வரை அங்கே நிறைவேற்றப்பட்ட ஒவ்வொரு திருப்பலியும் திருச்சபைச் சட்டப்படி செல்லும்; உரிய சொற்களும் உரிய அப்பமும் உரிய குருவும் இருந்தன. அத்தாய்–மாரி மன்றாட்டைப் பற்றி ரோம் எழுப்பிய கேள்வி, சொற்கள் இருக்கின்றனவா என்பது. கொரிந்தியரிடம் பவுல் கேட்டது, யாரைப் பசியோடு நிறுத்திவைத்தீர்கள் என்பது. இரண்டாவது கேள்வியே யூதப் பந்தியிலிருந்து வந்தது.